கார்ட்டூன் படிக்கட்டைத் தேடிப் போன வான்

சுற்றுலா வான் ஓட்டுகிறவனுக்கு வாய்க்கும் பயணிகள் இரண்டு வகை: ஏறியதும் தூங்குகிறவர்கள், இறங்கும்வரை கேள்வி கேட்கிறவர்கள். என்னைப்போல் இந்தத் தொழிலில் இடுப்பை ஒடித்துக்கொண்ட சகோதரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இரண்டாயிரத்துக்குப் பின் ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் ஒரு ஜப்பானியப் பயண நிறுவனத்துக்கு வான் ஓட்டியபோது எனக்கு மூன்றாவது வகையும் வாய்த்தது. ஜப்பானியக் கார்ட்டூன் படங்களான அனிமேயில் வரும் வீதியும் பாலமும் வீடும் நிஜத்தில் எங்கே இருக்கின்றன என்று தேடி வருகிறவர்கள்.

கோட்டைக்கு முதுகு

முதல் பயணத்தில் ரைன் ஆற்றோரத்துக் கோட்டை ஒன்றின் வாசலிலேயே வானைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஆறு பேரும் இறங்கினார்கள். கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே இருந்த பழைய தண்ணீர்க் குழாயைச் சூழ்ந்து நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் படத்திலிருந்து அச்சடித்த தாள். அதை நீட்டிப் பிடித்து, ஓரடி முன்னே, அரையடி பின்னே நகர்ந்து, தாளும் நிஜமும் சரியாகப் பொருந்திய பிறகுதான் கமராவை எடுத்தார்கள். மழை தூறியது. ஒருவரும் அசையவில்லை.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம் வந்தது. எந்தப் பொருளையும் நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எனக்கு வழி பழக்க வந்திருந்த மூத்த சாரதி சிவம் அண்ணை சொன்னார்: "தம்பி, என்ரை கலியாணத்திலை பொம்பிளையைக்கூட நான் இவ்வளவு வடிவாப் பாக்கேல்லை."

ஏழில் ஆறு

அந்த மூன்றாவது வகையில் ஒருவர் ஹிரோகோ சான் ('சான்' ஜப்பானியர் பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொல்), ஐம்பது வயதுப் பெண்மணி. ஜப்பானில் ஒரு தபால்நிலையத்தில் வேலை. இதற்காகவே வகுப்புக்குப் போய் ஜெர்மன் படித்தவர். ஒரே படத்தில் வரும் ஏழு இடங்களைத் தேடி வருடத்துக்கு ஒருமுறை வருவார். ஆறு கிடைத்துவிட்டன. ஏழாவது ஒரு கல் படிக்கட்டு, மேலே பச்சைக் கதவு. அது எந்த ஊர் என்று எவருக்கும் தெரியவில்லை. அப்பா படுக்கையில் விழுந்துவிட்டதால் இதுவே தன் கடைசிப் பயணம் என்றார். கையில் மூன்று நாள்தான் இருந்தது.

தாளைப் பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அகதியாக வந்த புதிதில் என்னை அந்தச் சின்ன ஊரில்தான் போட்டார்கள். மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி வேண்டும். ஹம் நகரில் நடந்த அண்ணனின் கலியாணத்துக்குப் போக அனுமதி கேட்டு அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னால் இருந்த வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நாலு தடவை அந்தப் படிகளில் ஏறினேன். கடிதம் வந்தது, கலியாணம் முடிந்த பிறகு. இனி அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று சத்தியம் பண்ணியிருந்தேன்.

ஆகவே வாயை மூடிக்கொண்டு அவரை இரண்டு நாள் வேறு ஊர்களில் சுற்றிக் காட்டினேன். பாவி நான். ஒவ்வொரு ஊரிலும் பிழையான படிக்கட்டைப் பார்த்துவிட்டு வந்து, அவர் எனக்குத் தலைகுனிந்து சொல்வார்: "மன்னியுங்கள், இன்றும் உங்களை வீணாக அலைய வைத்துவிட்டேன்."

வாய் தவறியது

மூன்றாம் நாள் காலை, நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்து இருக்கையில் பூதக்கண்ணாடியும் தாளுமாக இருந்தவர், "இந்தச் சுவர் கீழ்ப் படிகளை மறைக்கிறது. மொத்தம் ஒன்பதா, பத்தா?" என்று முணுமுணுத்தார்.

"பதினொன்று" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வரிசையில் நிற்கிறவனுக்குப் படி எண்ணுவதைத் தவிர வேறென்ன வேலை? இனி மறைக்க ஏலாது. அனுமதி, கலியாணம், சத்தியம், இரண்டு நாள் ஏமாற்றியது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் தாளை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தார்: "உங்களுக்கு அங்கே போக மனமில்லை என்றால் வேண்டாம். அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் போதும்."

மூன்றாவது படி

அதற்குப் பிறகும் வண்டியைத் திருப்பாமல் இருந்தால் நான் மனிதனில்லை.

அலுவலகம் போய் அங்கே இப்போது இசைப்பள்ளி. கதவு மட்டும் அதே பச்சை. ஹிரோகோ சான் கீழிருந்து எண்ணிக்கொண்டே ஏறினார். பதினொன்று. தாளை நான் பிடித்தேன், அவர் படம் எடுத்தார். பிறகு மேலிருந்து மூன்றாவது படியில் உட்கார்ந்தார். படத்தில் வரும் பெண் அங்கே உட்கார்ந்துதான் பாண் ரொட்டி தின்பாளாம். பையிலிருந்து பாண் எடுத்துப் பிய்த்து, பாதியை எனக்குத் தந்தார்.

நாலு தடவை ஏறி இறங்கிய படியில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். நல்ல வெயில். வரைந்த மனிதன் கல்லில் இருந்த வெடிப்பைக்கூட விடவில்லை. இவ்வளவு வடிவான இடத்திலா நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

உடனே மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். "நான் இப்ப எங்க இருக்கிறன் தெரியுமே? அந்தப் படியிலை இருந்து பாண் சாப்பிடுறன்" என்றேன். படிக்கட்டுக் கதையை ஆயிரம் தடவை கேட்டவள் அவள். திருப்பிக் கேட்டாள்: "இந்த முறை ஆரிட்டை அனுமதி கேட்டனீங்கள்?"

சனத்துக்கு ஊர் காட்டுவதுதான் என் தொழில் என்று இத்தனை வருடம் பெருமையடித்துக்கொண்டு திரிந்த எனக்கு, நான் இருந்த ஊரைக் காட்ட ஜப்பானிலிருந்து ஒரு தபால்நிலையத்து அம்மா வரவேண்டியிருந்தது.