பாகல் கொடியும் ஞாயிற்றுக்கிழமைகளும்

நர்சரிக்கு வருகிறவர்கள் செடியின் சுகத்தைத்தான் பேசுவார்கள். செடி விற்பவனின் சுகத்தைக் கேட்கமாட்டார்கள். பள்ளிகொண்டா நெடுஞ்சாலை ஓரத்தில் ஒற்றை ஆளாகக் கடை நடத்தும் எனக்கு இது பழகிவிட்டது. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடும் அன்பர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

உதிராத பூ

காரை நிறுத்திய வேலூர்க்காரர் ஒருவர் பூத்திருந்த செம்பருத்தியைக் கேட்டார். ஒரு பூவுக்கு ஒருநாள்தான் ஆயுசு, அது உதிர்ந்தால் என்ன, அடுத்த மொட்டு விரியும் என்று பேச்சை வளர்த்தேன். பேச ஆள் கிடைத்தால் விடுவேனா? அவர் வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னார்: "குப்பை விழற வேலையே வேணாங்க. பிளாஸ்டிக் பூவே வாங்கிக்கிறேன்."

முதலில் வருகிறவை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் செல்வி, மாடித் தொட்டியில் வைக்கப் பாகல் நாற்று வாங்கிப்போனார். பிறகொரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் புகாரோடு வந்தார். பூவாகப் பூத்துக் கொட்டுகிறதாம், ஒரு பிஞ்சுகூட இல்லையாம். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, பெண் பூ அடியில் குட்டிப் பிஞ்சோடு பின்னால்தான் வரும் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கயும் ஆம்பளைங்கதான் முன்னாடி வந்து நிக்கிறாங்களா?"

தேனீ செய்யும் வேலை

பெண் பூ வந்தது. பிஞ்சு மஞ்சளாகி விழுந்தது. மறுபடி வந்தார். மாடிக்குத் தேனீ வரவில்லை போலிருக்கிறது, காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள் என்று சொல்லி, என் கொடியில் செய்தும் காட்டினேன். அன்று டீ குடித்துக்கொண்டே சூப்பர்வைசரின் கெடுபிடி, அப்பாவின் இருமல் என்று வெகுநேரம் பேசினார். கிளம்பும்போது கேட்டார்: "ஒண்டியாவா இருக்கீங்க? பொழுது எப்படிங்க போவுது?"

விதை

அதன்பிறகு ஞாயிறு காலைகளில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டேன். ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே தலை நிமிர்ந்துவிடும். அவர் வராத வாரங்கள் சகிக்கவில்லை. செடிக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் வாங்க என்று சொல்லிவிடுவதென முடிவு செய்தேன்.

கடைசியில் பை நிறையப் பாகற்காயோடு வந்தார். காய்த்து ஓய்ந்து கொடி காய்ந்துவிட்டதாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சந்தோஷமாகச் சொன்னார்: "ஒரு காயைப் பழுக்க உட்டு விதை எடுத்து வச்சிட்டேங்க. இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல."

ஹைபிரிட் கொடுத்திருந்தால் அந்த விதை சரியாக வராமல் வருஷா வருஷம் என்னிடம்தான் வந்திருப்பார். நல்ல பெயருக்கு ஆசைப்பட்டு நாட்டு ரகம் கொடுத்தவன் நான்தானே.