சேர்ந்தாற்போல இரண்டு சீட்

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வெளியூரில் இருப்பவர்களுக்குச் சாவுச் செய்தியை நேராகச் சொல்லமாட்டார்கள். "லேசா முடியல, ஆஸ்பத்திரியில சேத்துருக்கு, கெளம்பி வா" என்பார்கள். வருகிற வழியில் ஆள் இடிந்துபோய் உட்கார்ந்துவிடக் கூடாதாம், பத்திரமாக வந்து சேரட்டுமாம். வருகிறவர் தெருமுனையில் பந்தலைப் பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொள்வார். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நல்ல எண்ணத்தால் என் வீட்டுக்காரர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவருடைய அப்பா இறந்தபோது அவர் சென்னையில் படித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் காய்ச்சல் என்றுதான் போன் வந்தது. காய்ச்சல்தானே என்று சாவகாசமாகப் பஸ் ஏறி, அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வயிறு முட்டப் பரோட்டா தின்றுவிட்டு, விக்கிரமங்கலம் போகும் பஸ்ஸில் யாரோ தெரிந்த பையனோடு கிரிக்கெட் பேசிக்கொண்டே போயிருக்கிறார். தெருவில் கால் வைக்கும்போது பறைச் சத்தம். "எங்கப்பா செத்துக் கெடந்தப்ப பரோட்டா தின்னவன் நான், புள்ள" என்று கல்யாணமான புதிதில் என்னிடம் சொல்லி அழுதார். ஊரிலிருந்து வரும் எந்த போனையும் இனி நம்புவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாராம்.

நாங்கள் இப்போது இங்கிலாந்தில் இருக்கிறோம். போன மாசியில் ஒருநாள் மதியம் என் நாத்தனார் போன் செய்தாள். அவருக்கு அவள் ஒரே தங்கை. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, மூச்சுத் திணறல் என்றும் பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றும் சொன்னாள். "ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்கண்ணே. சீக்கிரம் வந்துடுண்ணே" என்றாள்.

போனை வைத்துவிட்டு அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். "முடிஞ்சுபோச்சு புள்ள. அம்மா போயிட்டாங்க."

"என்னங்க பேசுறீங்க? கேட்டுக்கிட்டே இருக்காங்கன்னுதானே சொன்னா?"

"அப்படித்தான் சொல்லுவாங்க. பெரியப்பா செத்தப்ப அவரு மவனுக்கு நாந்தானே போன் பண்ணுனேன்? என்ன சொன்னேன்? ஒன்னக் கேக்குறாரு, வாடான்னுதானே சொன்னேன்?"

அவர் அப்படிச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சரி, வீடியோவில் காட்டச் சொல்லுங்கள் என்றேன். நாத்தனாரைத் திரும்பக் கூப்பிட்டார். ஐசியூவுக்குள் போன் கொண்டுபோக விடவில்லை என்றாள். "பாத்தியா?" என்பதுபோல என்னைப் பார்த்தார்.

டிக்கெட் தேடினோம். அன்று மாலையே சென்னைக்கு ஒரு விமானம் இருந்தது. அதில் ஒரே ஒரு சீட்தான். மறுநாள் காலை விமானத்தில் சேர்ந்தாற்போல இரண்டு சீட் கிடைத்தது. ஆனால் வழியில் ஒரு ஊரில் இறங்கி, அரை நாள் காத்திருந்து, வேறு விமானம் மாறித் திருச்சிக்குப் போகவேண்டும். "நீங்க இன்னிக்கே போங்க, நான் பின்னால வரேன்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

"முன்னாடி போயி என்னத்தப் பண்ணப்போறேன்? எப்படியும் ஐஸ் பெட்டியிலதான் வச்சிருப்பாங்க. மருமவ வராம எடுக்க மாட்டாங்க." பிறகு, "அவ்வளவு தூரம் தனியா உக்காந்து வர என்னால ஆவாது" என்றார். அதுதான் நிஜமான காரணம். இரண்டு சீட்டையும் போட்டார்.

பெரிய கம்பெனி விமானம்தான். விளம்பரத்தில் ஆள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போவதுபோலக் காட்டுவார்கள். அதெல்லாம் முன்னால் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம். எங்களுக்குக் கிடைத்தது நடுவரிசையில் நடு இரண்டு சீட். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இரண்டு முழங்காலையும் அகட்டிக்கொண்டு தூங்கினார். முன் சீட்காரர் சாய்ந்ததில் டிவி இவர் மூக்குக்கு நேராக வந்துவிட்டது. அழுவதற்குக்கூட இடம் வேண்டும். தோள் குலுங்கினால் பக்கத்து ஆள் விழித்துக்கொள்வார் என்று, இவர் போர்வையை வாயில் அழுத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால், நடுவில் உள்ள கைவைக்கும் கட்டை மேலே போக மறுத்தது.

சாப்பாட்டு வண்டி வந்தது. சிக்கனா வெஜ்ஜா என்று கேட்ட பெண்ணிடம் எதுவும் வேண்டாம் என்று தலையாட்டினார். சாவு வீட்டில் எடுக்கும்வரை அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், அந்தக் கணக்கு. புருஷன் பட்டினி இருக்கும்போது நான் மட்டும் தட்டை வாங்கிப் பிரித்துவைத்துக்கொண்டு தின்ன முடியுமா? எனக்கோ பசி உயிர் போனது. ஒரு பன்னை மட்டும் வாங்கிக் கைப்பைக்குள் போட்டு, டாய்லெட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே தின்றேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் முழுவதையும் தின்றேன்.

மிச்ச நேரமெல்லாம் அவர் அத்தையை அடக்கம் செய்துகொண்டே வந்தார். என்ன சேலை உடுத்துவது, கல்லங்குறிச்சியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு யார் சொல்வது, அப்பாவுக்குப் பக்கத்திலேயே வைக்க இடம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டார். "அம்மா இருந்தவரைக்கும் ஊருன்னு ஒன்னு இருந்துச்சு" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"வாயக் கழுவுங்க மொதல்ல. அவங்க உசுரோட இருந்தா?"

"இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

விமானம் மாறும் ஊரில் இறங்கி, அங்கிருந்த வைஃபையில் போனை இணைத்தார். நாத்தனார் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். காலையில் ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். கட்டிலில் அத்தை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கிலிருந்த மாஸ்க்கைத் தானே கையால் விலக்கிக்கொண்டு, "எங்க வந்துக்கிட்டிருக்கான்? சாப்புட்டானா?" என்று கேட்டார். குரல் கரகரவென்றிருந்தது. அதட்டல் மட்டும் குறையவில்லை.

அவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு அத்தனை பேர் நடமாடும் இடத்தில் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "படுபாவி நான். நேத்தே ஏறியிருந்தா இந்நேரம் பக்கத்துல இருந்திருப்பேனே! அவ உண்மையத்தானே புள்ள சொல்லியிருக்கா!" நான்தான் நேற்றே சொன்னேனே என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

எழுந்து கவுண்டருக்கு ஓடினார். முன்னால் போகும் விமானம் ஏதாவது உண்டா என்று கெஞ்சினார். அங்கிருந்த பெண் பாவம், நெடுநேரம் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். திருச்சிக்கு எங்களுடைய விமானம் ஒன்றுதான், சென்னை போவதில் இடமில்லை. அந்த ஊரில் வாட்ஸாப்பில் பேசுவதற்குத் தடை, செய்தி மட்டும்தான் போகும். எங்கள் சிம்மும் எடுக்கவில்லை. "அம்மா, வந்துக்கிட்டே இருக்கேம்மா" என்று பதிவு செய்து அனுப்பினார். நாத்தனார் அதை அத்தையின் காதில் வைத்துக் காட்டினாளாம். பதிலுக்கு "சிரிச்சாங்கண்ணே" என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அரை நாளை ஓட்டினோம்.

இரண்டாவது விமானத்தில் டாய்லெட்டை ஒட்டிய கடைசி வரிசை. அவர் முழுத் தட்டையும் காலி செய்தார். என் தட்டிலிருந்த கேசரியையும் எடுத்துக்கொண்டார். "சாப்டியான்னுதான் மொதல்ல கேப்பாங்க" என்றார். திருச்சியில் இறங்கியதும் எல்லோரும் எழுந்து நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். "கொஞ்சம் வழி விடுங்க, அம்மாவுக்கு முடியல" என்று இவர் கேட்டதற்கு, "எல்லாருக்கும் அவசரந்தான் சார்" என்றார் ஒருவர். இன்னொரு நாளாக இருந்தால் சண்டை வந்திருக்கும். அன்று இவர் சிரித்துக்கொண்டே நின்றார். நாங்கள்தான் கடைசியாக இறங்கினோம்.

நாத்தனாரின் வீட்டுக்காரர் கார் கொண்டுவந்திருந்தார். "அத்தை எப்படி இருக்காங்க தம்பி?" என்றேன். "இருக்காங்கக்கா, வாங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கப் போய்விட்டார். கொள்ளிடம் பாலம் தாண்டினால் பெரம்பலூருக்கு நேரே போகவேண்டும். கார் லால்குடி ரோட்டில் திரும்பியது.

"மாப்ள, ஆஸ்பத்திரிக்கு நேராப் போவணும்ல?"

"வூட்டுக்குக் கூட்டியாந்துட்டோம் மச்சான்."

நான் கண்ணாடியில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரோ சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். "டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்களா! அதானே, எங்கம்மாவ எத்தன நாளு படுக்க வப்பாங்க?" எவன் சொன்னாலும் நம்பமாட்டேன் என்ற மனுஷன், இதைக் கேள்வி கேட்காமல் நம்பினார்.

லால்குடியில் காரை நிறுத்தச் சொல்லி இளநீர் வாங்க இறங்கினார். அவர் அந்தப் பக்கம் போனதும், "எப்ப தம்பி?" என்று கேட்டேன். மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க அங்க ரெண்டாவது பிளைட் ஏறுன கொஞ்ச நேரத்துலக்கா. பேசிக்கிட்டே இருந்தாங்க, அப்படியே தல சாஞ்சிருச்சு. மச்சாங்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. வூடு வந்து சேந்துடட்டும்."

எங்கள் ஊர்ப் பழக்கத்தை நான் திட்டித் தீர்க்காத நாளில்லை. வந்ததும் உடைத்துச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் நினைத்தேன். அவர் இரண்டு இளநீரை மார்போடு அணைத்துக்கொண்டு, ஸ்ட்ராவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஓடிவந்து ஏறினார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, இளநீரை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

கார் கிளம்பியது. முன்னால் சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் முந்தச் சொல்லி மாப்பிள்ளையை அவசரப்படுத்தினார். கீழப்பழுவூர் தாண்டியதும் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நாம போறப்ப அம்மா தூங்கிட்டிருந்தா எழுப்பிடாத புள்ள. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"சரிங்க" என்றேன்.