கைக்காசில் ஒரு கடல்

விலை கேட்காமல் இருளாயி எந்தக் கடையையும் தாண்டுவதில்லை. அன்னவாசல் சந்தையில் வளையல்காரன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு ஜோடியாக எடுத்து வெயிலில் திருப்பிப் பார்ப்பாள். "இது என்ன வெலைங்க? அந்தச் செவப்பு?" கேட்டுவிட்டுச் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து நடந்துவிடுவாள். "வாங்குறதுக்கா கேட்ட?" என்று வளையல்காரன் எரிந்து விழுவான். "வாங்குற அன்னைக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?" என்பாள். சொன்னபடி ஒருநாள் வாங்கவும் வருவாள். அன்றைக்கு அவனால் காலணா கூட்டிச் சொல்ல முடியாது.

நெடுநெடுவென்ற உடம்பு. புருவத்திலும் முன்மயிரிலும் எப்போதும் கல்தூசு. அவள் புருஷன் அழகுமலை அம்மி கொத்துகிறவன். நார்த்தாமலையில் குடியிருந்துகொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் உளிப்பையோடு போய்வருவான். உளி அவனுடையது, தொழில் இருளாயியுடையது. தெருவுக்குள் நுழைந்ததும், "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல்லு கொத்தலையோ" என்று குரல் கொடுப்பவள் அவள்தான். கூலி பேசுகிறவளும் அவள்தான். அழகுமலையைப் பேசவிட்டால் கூலிக்குப் பதில் ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பிவிடுவான்.

வீட்டில் அவள் உறிகளில் கலயங்கள் தொங்கும். ஒன்று சாப்பாட்டுக்கு, ஒன்று துணிமணிக்கு, ஒன்று நோய்நொடிக்கு. பெரிய கலயம் மூத்தவள் சொர்ணவல்லியின் கல்யாணத்துக்கு. வருகிற கூலி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பிரித்துப் போட்ட பிறகுதான் கை கழுவுவாள். "ஒரு கலயம் இன்னொரு கலயத்த எட்டிப் பாக்கக் கூடாது" என்பது அவள் சட்டம். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொன்னதில்லை. "ஆகட்டும்" என்பாள். அப்படிச் சொன்னால் அதற்கு ஒரு கலயம் தொங்கப்போகிறது என்று அர்த்தம்.

அவள் பிறக்கும்போதே இப்படி இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு பங்குனி, மாரியம்மன் திருவிழா. அழகுமலை விருந்தாளிகளை வரச்சொல்லிவிட்டான். கிடா வெட்டு, எல்லாருக்கும் புதுத்துணி, ராட்டினம், மிட்டாய். அவள் காதுத் தோடு அடகுக்கடைக்குப் போயிற்று. விருந்தாளிகள் வாய் மணக்கச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனார்கள். தோடு திரும்பி வர இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை காதுத்துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு திரிந்தாள். "திருவிழா மூணு நாள்ல முடிஞ்சு போச்சு. வட்டி மட்டும் தெனமும் திருவிழாக் கொண்டாடுச்சு" என்று இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம், தை பிறப்பதற்குச் சில மாதம் முன்னால் சொர்ணவல்லிக்குக் குளத்தூரில் மாப்பிள்ளை நிச்சயமாயிற்று. வைகாசியில் கல்யாணம். நிச்சயம் முடிந்த மறுநாள் மாவு இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையை நிறுத்தினாள்.

"ஆத்தா, ஒண்ணு கேட்டா வைவியா?"

"கேளு."

"கடலு பாக்கணும். அந்தக் கருவாட்டுக்காரரு சந்தையில சொல்லுவாருல்ல, கட்டுமாவடியில தண்ணி வானம் வரைக்கும் கெடக்கும்னு. குளத்தூரு போயிட்டா அப்புறம் என்னை யாரு கூட்டிட்டுப் போவா?"

இருளாயி சிந்திக் கிடந்த மாவை வழித்து உரலுக்குள் போட்டாள். "ஆகட்டும்" என்றாள்.

அழகுமலைக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. "கல்யாணத்த வச்சுக்கிட்டு நாலு பேரு கடலுக்குப் போறதா? பஸ்ஸு, சாப்பாடு, தங்குறதுக்கு இடம். எதைக் கொண்டுபோயி அடகு வைக்கப் போற புள்ள?"

"கல்லு கெடக்குற ஊருல கல்லு கொத்துறவனுக்கு என்னங்க மதிப்பு? இங்க பாறைய மிதிச்சுக்கிட்டுத்தான் ஊரே நடக்குது. கடக்கரையில ஏது கல்லு? வெறும் மணலு. அங்கிட்டு அம்மியெல்லாம் வழுவழுன்னு தேஞ்சு கெடக்கும். இம்புட்டுத் தூரம் யாரு போயிக் கொத்துறா? நாம போவோம். அறுப்பு முடிஞ்ச கையோட எல்லா வீட்டுலயும் நெல்லு இருக்கும். கொத்திக்கிட்டே போவோம். நடந்து போயிட்டு நடந்தே வருவோம்."

அழகுமலை வாயில் வைத்த கவளத்தை மென்று விழுங்க மறந்துபோனான்.

உறியில் புதிதாக ஒரு கலயம் ஏறியது. கேழ்வரகு மாவு, வறுத்த கடலை, அவல், வற்றல் என்று வழிச்சாப்பாடு அதில் சேர்ந்தது. மாட்டுப்பொங்கல் முடிந்ததும் நாலு பேரும் கிளம்பினார்கள். சின்னவள் மருதாயி கொஞ்ச தூரம் நடை, கொஞ்ச தூரம் அப்பன் தோள், கொஞ்ச தூரம் ஆத்தா இடுப்பு. கடல் பார்க்கப் போகிறார்களாம் என்று தெருவே வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது.

முதல் பாதி அவள் கணக்குப்படி நடக்கவில்லை. புதுக்கோட்டையைத் தாண்டியும் பாறை விடவில்லை. போன ஊரிலெல்லாம் பொங்கலுக்கு முன்பே வேறு ஆள் வந்து கொத்திவிட்டுப் போயிருந்தான். குரல் கொடுத்துக் கொடுத்து இருளாயிக்குத் தொண்டை கட்டியது. எங்கேயோ ஒரு ஆட்டுக்கல், எங்கேயோ ஒரு குழவி. அறந்தாங்கி வந்து சேர்ந்தபோது மாவு தீர்ந்து, கடலை மட்டும் மிஞ்சியிருந்தது. மருதாயிக்குக் காலில் கொப்புளம்.

அறந்தாங்கிக் கடைத்தெருவில் ரெங்கராஜ் அவர்களை அடையாளம் கண்டுகொண்டார். அன்னவாசல்காரர், இங்கே வந்து பலசரக்குக் கடை போட்டுக் காலூன்றியவர். நல்ல மனுஷர்தான்.

"நம்ம ஊரு ஆளு, பொண்டு புள்ளையோட இப்படி வெயில்ல நிக்கலாமா? இந்தா அழகுமலை, முப்பது ரூவா. பஸ்ஸுல போங்க, ரெண்டு நாள் இருங்க, புள்ளைகளுக்குத் துணி எடுத்துக் குடுங்க. மெதுவாக் குடுத்தாப் போதும். வட்டி, ஊரு வழக்கம் எதுவோ அது."

அழகுமலையின் கை நீண்டுவிட்டது. இருளாயி முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, குடிக்கத் தண்ணி இருந்தாக் குடுங்க. ரூவா வேணாம்."

கடைக்கு எதிரே புளியமரத்தடிக்குப் போனதும் அழகுமலை வெடித்தான். "புள்ள ஆசையாக் கேட்டுச்சு. வைகாசியில போயிருவா. முப்பது ரூவாயில நாம செத்தா போயிருவோம்?"

"கடன்ல போனா கடலு கண்ணுக்குத் தெரியாதுங்க. ரெங்கராஜ் அண்ணன் மூஞ்சிதான் தெரியும்."

"அப்ப கல்யாணக் கலயத்துலேர்ந்து எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

"அது அவளுது. அவகிட்டேர்ந்து திருடி அவளுக்கே விருந்து வைக்கச் சொல்றீங்களா?"

சொர்ணவல்லி தங்கச்சியின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "திரும்பிப் போயிருவோம் ஆத்தா. கடலு எங்கயும் போயிறாது. நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க" என்றாள்.

ரெங்கராஜின் முப்பது ரூபாய்க்கு அசையாத இருளாயிக்கு இந்தச் சொல் நெஞ்சில் போய்க் குத்தியது. தன் கணக்குத் தப்போ என்று முதல் தடவையாகப் பயம் வந்தது. பெண்ணின் ஒரே ஆசையைத் தன் பிடிவாதத்தால் கெடுத்துவிட்டோமோ? ஆனாலும் உளிப்பையை எடுத்துத் தானே தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு ஊரு. நாகுடி வரைக்கும். அங்கயும் வேலை இல்லைன்னா நானே மொத ஆளாத் திரும்பி நடக்குறேன்."

நாகுடிப் பக்கம் நெருங்க நெருங்க அழகுமலை நடையைக் குறைத்தான். குனிந்து சாலையோரத்தைப் பார்த்தான். வயலைப் பார்த்தான். ஒரு நாய் குரைத்துக்கொண்டு வந்தது. எறிவதற்காகக் கீழே துழாவியவன் வெறுங்கையோடு நிமிர்ந்து கத்தினான்: "ஏ புள்ள! நாயை வெரட்டக்கூட ஒரு கல்லு இல்லடி இந்த ஊருல!"

இருளாயியின் கட்டிப்போன தொண்டை திறந்துகொண்டது. "அம்மி கொத்தலையோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் அந்த நாயே பின்வாங்கியது.

முதல் வீட்டிலிருந்து பிச்சையம்மாள் என்ற அம்மாள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். "அம்மி கொத்துறவுங்களா? எந்த ஊருங்க நீங்க?"

"நார்த்தாமலைங்க."

"கல்லு ஊருலேர்ந்தே வந்திருக்கீங்களா! இந்த அம்மியப் பாருங்க, கண்ணாடி மாதிரி கெடக்கு. மொளகா வச்சா வழுக்கிக்கிட்டு ஓடுது. அரைக்கிறேன் அரைக்கிறேன்னு என் தோள்பட்டையே போச்சு. உள்ள வாங்க, மொதல்ல சாப்புடுங்க."

இலை போட்டு நாலு பேருக்கும் சுடுசோறு போட்டாள். பிறகு அவளே தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். பிற்பகலுக்குள் அவள் வீட்டு வாசலில் அம்மிகளும் குழவிகளும் வந்து இறங்கிவிட்டன. தூக்க முடியாத ஆட்டுக்கல்லுக்கு வீட்டுக்கே கூப்பிட்டார்கள். அழகுமலை ஒரு பக்கம் உட்கார்ந்தான். இன்னொரு உளியை எடுத்துக்கொண்டு சொர்ணவல்லி குழவிகளுக்கு உட்கார்ந்தாள். அப்பனைப் போலவே அவளுக்கும் கொத்து சீராக விழும். மருதாயி கொட்டாங்கச்சியில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள்.

கூலி பேசியது இருளாயி. நார்த்தாமலையில் வாங்குகிற கூலி அவள் வாயில் வரவே இல்லை. "இம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்கோம்ங்க. அளந்து போடுங்க, தலை தட்டாமக் குமிச்சுப் போடுங்க" என்றாள். முகம் சுளித்தவர்கள், கொத்தி முடித்த அம்மியில் ஒரு மிளகாயை வைத்து இழுத்துப் பார்த்ததும் நெல் அளக்க மரக்காலைக் கொண்டுவந்தார்கள். நெல் சாக்கில் ஏறியது. ஊரை விட்டுக் கிளம்பும்போது நெல்லை அங்கேயே வியாபாரியிடம் போட்டுக் காசாக்கினாள். அவரிடம் விலை பேசி முடிப்பதற்குள் அவர் இரண்டு தடவை வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டார்.

கட்டுமாவடிக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு விடியற்காலை. முதலில் வந்தது மீன்வாடை, அப்புறம் அலைச் சத்தம். சவுக்கு மரங்களுக்கு நடுவே திரும்பியதும் சொர்ணவல்லி நின்றுவிட்டாள். கையிலிருந்த மூட்டை தானாக நழுவி விழுந்தது.

"ஆத்தா," என்றாள்.

அழகுமலை தலைப்பாகையோடு தண்ணீருக்குள் ஓடினான். அலை அவனைத் தூக்கிக் கரையில் உட்காரவைத்தது. மருதாயி கைதட்டிச் சிரித்தாள். இருளாயி கரையோரத் தண்ணீரிலேயே நின்றாள். முழங்காலில் அலை வந்து மோதி, காலுக்கடியில் மணல் கரைந்து ஓடும்போது உள்ளங்கால் கூசியது. யாருக்கும் ஒரு காசு தரவேண்டியதில்லை. எந்த முகமும் குறுக்கே வந்து நிற்கவில்லை. கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர்தான் தெரிந்தது. பக்கத்தில் மூத்தவள் வந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வெயில் ஏறும் வரை அப்படியே நின்றார்கள்.

சவரியப்பன் என்ற மீன்காரர் வீட்டு அம்மியும் தேய்ந்துதான் கிடந்தது. அதைக் கொத்திக் கொடுத்ததற்கு அவர் நாலு பேரையும் வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குள் கொஞ்ச தூரம் கொண்டுபோய்க் காட்டினார். ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருவாடும் கொடுத்தார். குடிசையோரம் தங்கி, மீன் தின்று தின்று மருதாயிக்குக் கன்னம் உப்பிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் காசு முடிச்சை அவிழ்த்துப் பார்த்த இருளாயி, "திரும்பிப் போகும்போது நடக்க வேணாம்" என்றாள். "பஸ்ஸுலயே போவோம்." அழகுமலை அவளை மேலும் கீழும் பார்த்தான். சொன்னது இருளாயிதானா என்று அவனுக்குச் சந்தேகம்.

அறந்தாங்கியில் இறங்கி ரெங்கராஜ் கடைக்கு நேராகப் போனாள். கருப்பட்டி என்ன விலை என்று கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை, இரண்டு வட்டு வாங்கிக் காசை எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கடலு பாத்தாச்சா?" என்றார் ரெங்கராஜ்.

"பாத்தாச்சுண்ணே. நல்லாத் தெரிஞ்சுச்சு" என்றாள்.

அழகுமலை திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினான்.

புதுக்கோட்டை பஸ்ஸில் கூட்டம் அவ்வளவாக இல்லை. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தார். மூன்று டிக்கெட்டுக்குக் காசு வாங்கியவர் மருதாயியைப் பார்த்து, "சின்னப் புள்ளைதானே, மடியில வச்சுக்கங்கம்மா. அதுக்குக் காசு வேணாம்" என்று நல்லதனமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"கண்டக்டரய்யா, இங்கிட்டு வாங்க" என்று இருளாயி கூப்பிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "இவளுக்கும் ஒண்ணு கிழிங்க."

"வேணாங்கிறேன்ல?"

"கிழிங்கய்யா. காசு குடுத்த எடத்துல உக்காந்து வரட்டும்."

அரை டிக்கெட் ஒன்று கிழிந்தது. இருளாயி மருதாயியை மடியிலிருந்து இறக்கி, ஜன்னலோரம் காலை நீட்டித் தனியாக உட்காரவைத்தாள். சீட்டை அந்தச் சின்னக் கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டாள்.