ஸ்டெப்னி இருந்த பள்ளம்

எவ்வளவு பலமாக அடித்துச் சாத்தினாலும் எங்கள் காரின் "டிக்கி" மூடி பூட்டிக்கொள்ளாமல் "தொம்" என்று ஒரு மொட்டைச் சத்தம் போட்டுவிட்டு மறுபடி மேலே எழும்பி வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே என் பதினோராவது வயது கழிந்தது. நான்கு விரல் இடைவெளி. அந்த நான்கு விரலுக்குள்ளிருந்து கேஸ் வாடையும், ஈரம் காயாத கால்மிதியின் வாடையும், போன வாரக் கல்யாணச் சவாரியில் யாரோ விட்டுப்போன மல்லிகைச் சரம் அழுகிய வாடையும் ஒன்றாக வரும். சிலருக்குச் சின்ன வயது என்றால் மண்வாசனையாம். கொடுத்து வைத்தவர்கள். எனக்கு இதுதான்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கோட்டை பார்க்க வருகிறவர்கள், மேல்மலையனூர் போகிறவர்கள், பெண் பார்க்கக் கிளம்புகிறவர்கள் என்று எல்லோரும் அவருக்குச் சவாரி. ஊரில் காருக்கு என்ன புது வசதி வந்தாலும் அது தன் காரில் முதலில் இருக்க வேண்டும், அது அவருடைய வியாதி. பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று பின்சீட்டுக்குப் பின்னால் கேஸ் டேங்க் ஒன்றைப் படுக்க வைத்தார். கன்றுக்குட்டி அளவில் இருந்த அது டிக்கியில் பாதியைத் தின்றது. கல்யாணக்காரர்கள் பாட்டு கேட்கிறார்கள் என்று "ஊஃபர்" பெட்டி ஒன்றை மாட்டினார். அது மீதியில் பாதியைத் தின்றது. தரையில் இருந்த வட்டப் பள்ளத்தில் "ஸ்டெப்னி", அதாவது மாற்றுச் சக்கரம், உட்கார்ந்திருந்தது. அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் கால்மிதி. இத்தனைக்கும் பிறகு மிஞ்சிய இடத்தில் தாம்பூலப் பை நாலு வைக்கலாம்.

அந்த டிக்கிக்குள்தான் என் தம்பியின் வண்டி போயாக வேண்டியிருந்தது.

தம்பி சரவணன் என்னைவிட ஆறு வயது சின்னவன். பிறந்தபோது அழவே இல்லையாம். கால் நிற்கவில்லை, முதுகும் நிமிரவில்லை, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் கிடையாது. பேச்சு இழுத்து இழுத்து மெதுவாக வரும், வம்பாகத்தான் வரும். புதுச்சேரியில் ஒரு பெரிய வீட்டில் வேலை பார்த்த சித்தி, அந்த வீட்டுக்காரர்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது விட்டுப்போன குழந்தை வண்டியை அவனுக்காகக் கொண்டுவந்தாள். நீல நிறம், மேலே கூரை, கீழே கூடை, முன்னால் தட்டு, தடித்த நான்கு சக்கரங்கள். மடக்கினால் பாதிதான் மடங்கும். கார்க் கதவு வழியாக நுழையவே நுழையாது. எங்கள் தெருவில் அதற்கு "தள்ளுவண்டி" என்றுதான் பெயர். அவனை அதில் உட்கார வைத்துக் கடைத்தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு போனால், நைனாவோடு ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிற ஏழுமலை மாமா ஊருக்கே கேட்கிற மாதிரி, "இன்னா பாப்பா, சுண்டல் சூடா இருக்குதா?" என்பார். உள்ளேயிருந்து தம்பி, "தீந்து... போச்சு... மாமா," என்பான்.

விழுப்புரத்தில் இவனைப் போன்ற பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்துக்கு வாரம் ஒரு முறை காரில் போவோம். தள்ளுவண்டி வீட்டிலேயே கிடக்கும். அம்மா அவனை இடுப்பில் சுமப்பாள். ஐந்து வயதுப் பிள்ளை, கால் இரண்டும் கட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். அந்த மையத்தின் படிகளை ஏறி இறங்கிவிட்டு வந்தால் அம்மா இரண்டு நாளைக்குக் குனிய மாட்டாள். அங்கே இருந்த டீச்சர் ஒருநாள் சொன்னார்: "விஜயதசமி அன்னைக்கு எங்க ஸ்கூல்ல புதுசா சேக்கறோம். ஒரே ஒரு எடம்தான் இருக்குது. பத்து மணிக்கு டாக்டர் வருவாரு, பதினொண்ணுக்குக் கெளம்பிடுவாரு. பையன் கொஞ்ச நேரம் நேரா உக்காந்து காட்டணும். வெறும் சேர்ல சரிஞ்சிடுவான், பழகின வண்டியோட கூட்டினு வாங்க."

அன்றிலிருந்து வீட்டில் டிக்கியைத் தவிர வேறு பேச்சு இல்லை. வண்டியைக் குப்புறப் போட்டுப் பார்த்தோம், மல்லாத்திப் பார்த்தோம், கூரையைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம். "தொம்." மேலே கட்டலாம் என்றால் கேரியர் இல்லை.

"அந்தப் பாட்டுப் பொட்டிய எறக்கி வையேன்யா," என்பாள் அம்மா.

"ஐப்பசி பொறந்தா முகூர்த்தம். பொட்டி இல்லாத வண்டிய எவன் கூப்புடுவான்? வயரெல்லாம் உள்ள வுட்டு மாட்டி வச்சிருக்கிறான், புடுங்குனா போச்சு," என்பார் நைனா.

"அப்போ கேஸ கழட்டு."

"கேஸ கழட்டிட்டு பெட்ரோலுக்கு என்னைய ஊத்தி ஓட்டவா?"

"ஊஃபருக்குப் பாட்டுப் படிக்க எடம் வேணுமாம், எம் புள்ளைக்கு வேணாமாம்," என்று அம்மா சொன்னதும் அவர் துணியை எடுத்துக்கொண்டு கார்க் கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுவார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான்.

ஆயுத பூஜை வந்தது. கார் வைத்திருக்கிறவன் வீட்டில் அது தீபாவளியைவிடப் பெரியது. டிக்கியைக் காலி செய்து கழுவி, பலகையையும் கால்மிதியையும் வெயிலில் போட்டு, ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாவற்றையும் சுவரோரம் சாக்கு விரித்து வரிசையாக வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். வரிசையின் கடைசியில் அம்மா தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி அதன் நான்கு சக்கரத்துக்கும் பொட்டு வைத்தாள். சுண்டலுக்கு வந்த ஏழுமலை மாமா, "இன்னா அண்ணி, இதுவுமா ஆயுதம்?" என்று கேட்டதற்கு, "ஒங்க வண்டியெல்லாம் நின்னா தள்ளறதுக்கு ஆளு வேணும். இது தள்றதுக்குன்னே பொறந்தது," என்றாள். பூஜைக்கு வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பது வழக்கம். அதனால் எல்லாம் வைத்தது வைத்தபடி சுவரோரமே கிடந்தன.

மறுநாள் விஜயதசமி. தம்பிக்கு வலிப்பு மாத்திரை கொடுத்து, புதுச் சட்டை போட்டு, விறைத்த காலில் பேன்ட் ஏற்றி முடிப்பதற்குள் எட்டரை ஆகிவிட்டது. நைனா ஜாக்கியையும் ஸ்பேனர் பையையும் முன்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். அம்மாவும் நானும் வண்டியைத் தூக்கி டிக்கிக்குள் இறக்கினோம். பலகை இன்னும் போடவில்லை. பின்சக்கரம் இரண்டும் அந்த வட்டப் பள்ளத்துக்குள் பாந்தமாக இறங்கி உட்கார்ந்தன. மூடியைச் சாத்தினேன்.

கிளிக்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். "மூடிச்சா?" என்று நைனா எழுந்து வந்து மூடியின்மேல் உள்ளங்கையை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "மூடிச்சு நைனா!" என்று நான் கத்தினேன். முன்சீட்டில் அம்மா மடிக்காகக் காத்திருந்த தம்பி, "எம்... வண்டி... ஜெயிச்சிச்சு," என்றான். எலுமிச்சம்பழங்கள் நசுங்க, கார் நகர்ந்தது.

அப்போதுதான் பார்த்தேன். ஒரு ராத்திரியில் வாடித் தொங்கிய வாழை இலைக்குப் பின்னால், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, ஸ்டெப்னி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பார்த்தேன், சொல்லவில்லை. சொன்னால் கார் நிற்கும், மூடி திறக்கும், வண்டி வெளியே வரும், சக்கரம் உள்ளே போகும், மறுபடி "தொம்". ஒருநாள் ஸ்டெப்னி இல்லாமல் போனால் என்ன ஆகிவிடும் என்று பதினோரு வயதில் எனக்குத் தோன்றியது.

தளவானூருக்குத் திரும்புகிற இடம் தாண்டியதும் கார் ஒரு பக்கமாக இழுத்தது. பின்டயர் தரையோடு தரையாக இருந்தது. நைனா இறங்கினார், பார்த்தார், டிக்கியைத் திறந்தார். உள்ளே நீல வண்டி சொகுசாகப் படுத்திருந்தது. அவர் திரும்பிப் போய் முன்சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கியை இழுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பஞ்சர் கடை இரண்டு கிலோமீட்டர் தள்ளி என்று ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் சொன்னார். நேற்றுப் பூஜை போட்டவன் இன்றைக்கு எப்போது திறப்பானோ என்றும் சேர்த்துச் சொன்னார். நைனா டயரைக் கழற்றி முடித்த பிறகும் வந்த பஸ் எதுவும் நிற்கவில்லை, பத்து மணிக்கு மேல்தான் அம்மா கையைக் காட்டி ஒரு விழுப்புரம் பஸ்ஸை நிறுத்தினாள். லீவு நாள் கூட்டம், படி வரை ஆள். நானும் நைனாவும் வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கண்டக்டர் தலையை நீட்டி, "யம்மா, புள்ளைய ஏத்து, எவனாவது எடம் தருவான். அந்த ரதத்த எங்க ஏத்தறது? என் தலைமேலயா?" என்றார். அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினாள், பின்னால் நான் ஏறினேன். பஸ் கிளம்பிய பிறகு ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். நைனா கழற்றிய டயரைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து, பெல்ட்டையும் போட்டு, ரோட்டோரமாகத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். "எம் வண்டில... யாரோ... போறான்," என்றான் தம்பி. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே கால். டாக்டர் கிளம்பிவிட்டிருந்தார். டீச்சர் நல்லவர், ஒரு நாற்காலியில் தலையணை வைத்து அவனை உட்கார வைத்துப் பார்த்தார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடியே உட்கார்ந்தான். பிறகு மெல்ல, மிக மெல்ல, இடது பக்கம் சரிந்தான். அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போனது. "அடுத்த விஜயதசமிக்குப் பாக்கலாம்மா," என்றார் டீச்சர். ஒரு மணிக்கு நைனா வண்டியோடு வந்து நின்றார். நீலத் துணியில் டயரின் கறுப்பு வரிகள் அச்சாக விழுந்திருந்தன. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே பாட்டுப் பெட்டி இறங்கியது. பொங்கலுக்குள் கேஸ் டேங்கும் போனது. முகூர்த்தச் சவாரி குறைந்தது, அவர் வேலை நேரம் கூடியது. அடுத்த விஜயதசமிக்குள் அந்த டிக்கி விளையாட்டு மைதானம் மாதிரி ஆகியிருந்தது. ஸ்டெப்னியும் இருந்தது, அதன்மேல் வண்டியும் தாராளமாக நின்றது. ஆனால் ஒரு வருஷத்தில் தம்பி வளர்ந்துவிட்டிருந்தான். தொடை உள்ளே போகவில்லை, கால் தரையில் இழுத்தது. மறுபடி அம்மா இடுப்பில்தான் போனான். இந்த முறை நாற்காலியிலேயே சரியாமல் உட்கார்ந்தான், இடம் கிடைத்தது. வண்டியில் அதன்பிறகு அம்மா தண்ணீர்க் குடம் வைத்துத் தள்ளினாள், சக்கரம் கழன்று போகும்வரை.

இப்போது தம்பிக்குப் பதினேழு வயது, பெரிய சக்கர நாற்காலி. வெள்ளைக் காரும் அந்த நீல வண்டியும் எந்த இரும்புக்கடையில் உருகினவோ தெரியாது. போன மாதம் நான் கார் வாங்கினேன். அதற்காக ஏறி இறங்கிய கடைகளை நினைத்தாலே முதுகு வலிக்கிறது. போன இடத்திலெல்லாம் டை கட்டிய ஒருவன் கேமரா என்றான், சென்சார் என்றான், காலை ஆட்டினால் மூடி திறக்கும் என்றான். டிக்கி இத்தனை லிட்டர் என்றான். தண்ணீர் பிடிக்கவா வந்திருக்கிறேன் என்று கேட்டுவிட்டு நான் டேப்பை எடுத்து அளப்பேன். ஒன்றில் பேட்டரி இடத்தைத் தின்றிருந்தது, ஒன்றில் கேஸ், ஒன்றில் அழகுக்காக மூடியைச் சரித்திருந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு காரில் நாற்காலி போனது. முதல் தடவையிலேயே கிளிக்.

வீட்டுக்கு ஓட்டி வந்ததும் நைனா சுற்றிப் பார்த்துவிட்டு, நேராக டிக்கியைத் திறந்து கால்மிதியைத் தூக்கினார். பள்ளத்தில் காற்றடிக்கிற சின்ன மிஷின் ஒன்றும் பசைக் குப்பி ஒன்றும் இருந்தன.

"ஸ்டெப்னி எங்கம்மா?"

"இந்த வண்டிக்குக் கெடையாது நைனா. எடம் வேணும்னு எடுத்துட்டானுங்க."

வாசலில் நாற்காலியில் இருந்த சரவணன், "கம்பெனிக்காரனும்... ஆயுத பூசைல... மறந்துட்டானா?" என்றான்.

அம்மா சிரித்தாள். பன்னிரண்டு வருஷமாக உள்ளேயே வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்: "நைனா, அன்னைக்கு நான் பாத்தேன். வாழக்கன்னுக்குப் பின்னாடி இருந்துச்சு."

அவர் குனிந்தபடியே, "பதினோரு வயசுப் பொண்ணுக்குத் தெரிஞ்சது, வருஷக்கணக்கா வண்டி ஓட்டுனவனுக்குத் தெரியாதா?" என்றார். "மூடி மேல கைய வச்சப்பவே தெரியும், கீழ கனம் இல்லன்னு. ஒரு வாட்டி மூடிச்சே... மறுபடி தொறக்க மனசு வரல."

மறுநாள் அவர் பஜாருக்குப் போய்ப் பழைய ஸ்டெப்னி ஒன்றை வாங்கி வந்து பின்சீட்டில் நிறுத்தி, பெல்ட் போட்டு விட்டார். சொல்லிப் பயனில்லை. இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் விழுப்புரத்துக்கு நான் ஓட்டுகிறேன், தம்பி முன்னால், நாற்காலி டிக்கியில். பின்னால் ஒரு மூலையில் நைனா, ஒரு மூலையில் ஸ்டெப்னி, நடுவில் அம்மா ஒடுங்கி உட்கார்ந்து, தளவானூர் திருப்பம் தாண்டும்வரை அதன்மேல் கை வைத்துப் பிடித்துக்கொண்டே வருகிறாள்.