ஜுபைலில் நாங்கள் போட்ட பிட்ச்

சவூதியின் ஜுபைலில் எங்கள் கேம்ப்புக்குப் பின்னால் கிடந்த வெறும் மணலில்தான் கிரிக்கெட் ஆடத் தொடங்கினோம். பந்து எழும்பாது, விழுந்த இடத்திலேயே புதைந்துவிடும். எங்கள் கேப்டன் யாழ்ப்பாணத்துக்காரர், பிளாண்டில் சிவில் சூப்பர்வைசர். ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "பந்து எழும்பாட்டி இது என்ன கிரிக்கெட்? பிட்ச் ஒண்டு போடுவம்" என்றார்.

கம்பெனியில் அனுமதி வாங்கினார். லீவு நாள்களில் நாங்களே தரையைச் சமன்செய்து சிமெண்ட் போட்டோம். அந்த வெயிலில் வெடித்துவிடாமலிருக்க, டியூட்டி முடிந்து வருகிறவர்கள் ஈரச்சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றினார்கள்.

அதை வேடிக்கை பார்க்க வந்தார், என்னோடு கன்ட்ரோல் ரூமில் வேலை பார்த்த சவூதி ஆபரேட்டர். கிரிக்கெட்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. பள்ளியில் ஃபுட்பால் கோல்கீப்பராம். பிட்ச் தயாரானதும் அவர் கையிலும் மட்டையைக் கொடுத்தோம். முதல் பந்தை அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். அதன்பிறகு வராமல் இருந்ததே இல்லை.

தம்மாம் டோர்னமென்டுக்கு அணி எடுத்தபோது கேப்டன் அவரையும் சேர்த்தார். எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை.

"பேட்டிங்கே வரலியேண்ணே அவருக்கு."

"அவற்ர கையைப் பாத்தனீங்களே? கோல்கீப்பற்ர கை. பந்து தப்பாது."

ஃபைனலில் கடைசி ஓவரை நான் போட்டேன். எதிரணியின் கடைசி ஜோடி களத்தில் நின்றது. ஒரே ஒரு அடி போதும், கோப்பை அவர்களுக்கு. அந்த அடி என் பந்தில்தான் விழுந்தது. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டப் போகிறதென்று நினைத்தேன். கோட்டருகே நின்ற சவூதி ஆபரேட்டர் பக்கவாட்டில் பாய்ந்து, ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் உருண்டார். எழுந்து நின்று, சந்தேகத்தோடு என்னைப் பார்த்து, "கலாஸ்?" என்றார், முடிந்துவிட்டதா என்று.

"கலாஸ் பாய், ஜெயிச்சாச்சு" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். கோப்பையைக் கேப்டன் அவர் கையில்தான் கொடுத்தார்.

பிறகு அவர் தன் தம்பிகளையும் நண்பர்களையும் அழைத்துவந்தார். போன குளிர்காலத்தில், சவூதிக்காரர்கள் மட்டுமே கொண்ட அவருடைய அணி, நாங்கள் போட்ட பிட்ச்சிலேயே எங்களைத் தோற்கடித்தது. அன்று ஊருக்குப் போன் போட்டு மனைவியிடம் சொன்னேன்.

"தோத்ததையா இவ்வளவு சந்தோஷமா சொல்றீங்க?"

"இந்த ஊர்க்காரங்ககிட்டதானே தோத்தோம்" என்றேன். "அவங்களுக்கு ஆட்டம் சொல்லிக்குடுத்ததே நாங்கதான்."