கறுப்புக் கரை போட்ட படம்

"...அதுதான் நான் செத்துப்போனனே தங்கச்சி, செத்தவனுக்கு ஏன் ஒப்பரேசன்?"

அண்ணை சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையிலிருந்த பிளேன்ரீ குடிக்காமலே ஆறிப்போயிருந்தது. வெளியே ஓட்டோ காத்து நின்றது. நெஞ்சு ஒப்பரேசனுக்காக அன்று காலை அவர் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டும். துவாயும் மாற்றுச் சாரமும் வைத்த பையை மடியில் அணைத்தபடி அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், படியில் இருந்தார். ஒழுங்கைக்கு அந்தப் பக்க மதிலில் அவருடைய முகம் பெரிதாக ஒட்டப்பட்டிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். சுற்றிவரக் கறுப்புக் கரை. எங்கள் பக்கத்தில் அப்படியொரு படம் மதிலில் ஏறினால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு.

அந்தப் படத்தை எடுத்தவள் நான்.

அண்ணை என்று கூப்பிடுவேனே தவிர, அவர் என் கூடப் பிறந்தவர் அல்ல. கொழும்புத்துறையில் எங்களுக்கு அடுத்த வளவுக்காரர், நண்டுவலை விடுகிறவர். நான் வீட்டில் இருந்து சட்டை தைத்துக் கொடுக்கிறவள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஒரு கமெரா அனுப்பினான், அதைத் தட்டித் தடவி நானே பழகினேன். தைக்கிறவளுக்குக் கமெரா எதற்கு என்று கேட்டவர்களுக்கு, ஊசியும் கண்ணாலேதான் ஓடுது என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

நல்லூரில் ஒரு ரியூசன் கொட்டிலில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு பின்னேரம் நாங்கள் கூடுவோம். வங்கி வேலைக்காரர், மருந்துக் கடைக்காரர், இளைப்பாறிய வாத்தியார், ஸ்ரூடியோ வைத்திருப்பவர் என்று எல்லாரும் படப் பைத்தியங்கள். வெளியிலிருந்து நடுவர் எவரும் வருவதில்லை. கொடியில் பெயர் போடாமல் படங்களைக் கொழுவி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிரட்டை வைப்போம். ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை. பிடித்த படத்தின் சிரட்டையில் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். கை தட்டினால் ஆர் தட்டினது எண்டு தெரியும், புளியங்கொட்டைக்கு முகமில்லை என்பார் வாத்தியார்.

அந்தச் சத்தம் எனக்குப் பயம். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, எந்தச் சிரட்டையில் விழுகிறது என்று முதுகால் கேட்டுக்கொண்டிருப்பேன். கனகாலமாக என் சிரட்டையில் வெறும் காற்றுத்தான். சில மாதங்களில் இரக்கப்பட்டு யாரோ போட்டது ஒன்று கிடக்கும். அதைவிட வெறுஞ்சிரட்டை மேல்.

அண்ணையின் படம் போன பிறகுதான் நிலைமை மாறியது. விடியக் கரையில் குந்தியிருந்து வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தவர், நான் கூப்பிட நிமிர்ந்தார். வெயில் ஒரு பக்கக் கன்னத்தில் விழுந்து, நெற்றிச் சுருக்கம் எல்லாம் உழுத வயலைப்போலத் தெரிந்தது. பின்னால் ஒரு சிவப்பு பிளாஸ்ரிக் வாளி. அது கண்ணை இழுக்கிறதே என்றுதான் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். வேறொரு நினைப்பும் இல்லை. அன்று என் சிரட்டை நிரம்பிக் கொட்டைகள் நிலத்தில் உருண்டன. வருசக் கடைசியில் எல்லா மாதத்துப் படங்களையும் மறுபடி கொழுவியபோதும் அதுவே முதலாவது. "பிள்ளை, இனி நீர் எங்களுக்குப் படிப்பிக்க வேணும்" என்று வாத்தியார் சொன்னார். வீடு வரும்வரை சைக்கிள் பெடலில் கால் பட்டதாகவே தெரியவில்லை.

வருசத்தில் முதலாவதாக வந்த படத்தைப் பெரிதாக அச்சடித்து, எடுத்தவரின் ஊரிலேயே ஒட்டிக் கண்காட்சிக்கு அழைப்பது எங்கள் வழக்கம். அந்தப் போஸ்டருக்கு என்ன கரை போடுவதென்று ஒரு பின்னேரம் முழுக்க விவாதித்தோம். வெள்ளைக் கரை முகத்தின் வெளிச்சத்தைக் கொன்றுவிடும், கறுப்பென்றால் முகம் முன்னுக்கு வரும் என்றார் ஸ்ரூடியோக்காரர். ஓம், அதுதான் சரி என்று எல்லாரும் தலையாட்டினோம், நானும் ஆட்டினேன். கீழே கறுப்புக் கரையிலேயே சின்ன எழுத்தில் இடமும் நேரமும். அத்தனை பேர் பார்த்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. படம் எடுக்கிறவர்களின் கண்ணுக்கு வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. தெருவால் போகிறவரின் கண் வேறு.

அண்ணை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள், பொழுதுபட்ட மைம்மலுக்குள் எங்கள் கூட்டத்தார் வந்து ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். விடிந்ததும் என் படத்தை நானே பார்க்க ஆசையாக வெளியே வந்தேன். ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி அதன் முன்னால் நின்றார். வலைச் சண்டை ஒன்றுக்குப் பிறகு அண்ணையோடு முகம் கொடுத்துக் கதைக்காத மனிதர். பகையையும் மறந்து என் படத்தை ரசிக்கிறாரே என்று எனக்கு மனம் குளிர்ந்தது. அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டினார். இரண்டு கையாலும் கும்பிட்டார். ஒரு படத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைக்கும்போதே, அவர் கண்ணைத் துடைத்தார்.

அப்போதுதான் நான் அந்தக் கரையைப் பார்த்தேன்.

ஓடிப்போய்ச் சொல்ல வாயெடுக்க முதல், அண்ணையின் படலையில் ஒப்பாரி கேட்டது. அக்காவின் ஒன்றுவிட்ட சகோதரி தலையை விரித்துக்கொண்டு, என்ரை ராசா என்று குழறியபடி உள்ளே போனாள். என்ன சத்தம் என்று அண்ணை கோப்பையோடு வெளியே வந்தார். அவரைக் கண்டதும் அவளுடைய வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. வேறு நாளென்றால் ஒழுங்கையே சிரித்திருக்கும்.

அன்று சிரிக்க முடியவில்லை. ஒப்பரேசனைத் தள்ளிப்போட்டால் நெஞ்சு தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். நெஞ்சைப் பிளந்தால் திரும்பி வரமாட்டேன் என்று மாதக்கணக்காக மறுத்தவரை, அக்காவும் கனடாவிலிருக்கும் மகளும் மன்றாடித்தான் சம்மதிக்க வைத்திருந்தார்கள். இப்போது படலையைத் தாண்டியதும் தன்னுடைய சாவறிவித்தலே அவருக்கு முன்னால் நிற்கிறது. போகாவிட்டால் அந்த நெஞ்சு அவரைக் கொன்றுவிடும். போய் ஏதும் நடந்தாலோ, என் படம்தான் கொன்றதென்று ஆகும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று ஊர் விடுமா? ஊர் விட்டாலும் நான் என்னை விடுவேனா?

எதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பாள் என்று என்னைப் பகிடி பண்ணுவார்கள். அந்த முற்றத்தில் வாயில் வந்த ஊர்வழக்கொன்றையும் சொல்லப் பயந்து விழுங்கினேன். என் வாயால் வந்தால் அது தப்பிக்கச் சொல்லும் சாட்டாகத்தான் கேட்கும்.

"அண்ணை, எனக்குப் பயமாக் கிடக்கு" என்று மட்டும் சொன்னேன். "நான் உதைக் கிழிச்சுப் போடுறன். நீங்கள் வெளிக்கிடுங்கோ."

அவர் மதிலைப் பார்த்தபடியே கேட்டார்: "ஆர் ஆர் அழுதவை?"

யாரோ மதிலைப் படமெடுத்துப் போனில் அனுப்பியிருந்தார்கள். மகள் கனடாவிலிருந்து என் போனுக்கு எடுத்துக் குழறியதையும், வல்வெட்டித்துறையில் அவருடைய தங்கை பஸ் ஏறிவிட்டதையும் சொன்னேன். சைக்கிள்காரரையும் சொன்னேன்.

"உவனுமோ?"

"ஓம் அண்ணை. துவாயை இடுப்பிலை கட்டிக்கொண்டு நிண்டு அழுதவர்."

படியிலிருந்த அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, நான் விழுங்கியதை வெளியே எடுத்தார். "காகம் தலையிலை அடிச்சால், ஆள் செத்துப்போச்செண்டு பொய்ச் சேதி சொல்லி விடுறதில்லையே? சொந்தக்காரர் அழுதால் கண்டம் கழிஞ்சுபோகும். மற்றவைக்கு அழ ஆக்களைத் தேட வேணும். உங்களுக்கு உந்த விரோதியே வந்து அழுதிட்டுப் போட்டான். எழும்புங்கோப்பா."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கதவு நிலையில் செருகியிருந்த, வலை வெட்டுகிற சின்னக் கத்தியை உருவிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தார். முகத்தைக் கிழிக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கிழிபடும் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது, கரை முடிந்து படம் தொடங்கும் இடத்தில் கத்தி நுனியை வைத்து மெல்லக் கோடிழுத்துக்கொண்டிருந்தார். மேலே, இரண்டு பக்கமும், பிறகு கீழே. பசை இன்னும் சரியாகக் காயவில்லை. கறுப்பை நீள நீளமாக உரித்தெடுத்தார். கண்காட்சிக்கு வாருங்கள் என்ற வரியும் அதோடு போனது. கரையில்லாத முகம் மட்டும் மதிலில் நின்றது.

உரித்ததைச் சுருட்டி என் கையில் வைத்தார். பிறகு ஓட்டோவில் ஏறி, அக்காவுக்கு இடம் விட்டுத் தள்ளி இருந்தார்.