எலிகளுக்காகப் போட்ட கோட்டு

ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு ஊசி போடுகிறவர் சிகரெட்டை விட்டுப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. யாராவது உரக்கத் தும்மினால்கூட அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இந்தத் தடவையும் ஏமாற்றினால் அப்புறம் உங்கள் ஒரு வார்த்தையையும் நம்ப மாட்டேன் என்று மனைவி முடிவாகச் சொல்லியிருந்தாள். வேடிக்கை என்னவென்றால், அவர் பிழைப்பே நிக்கோட்டினோடுதான். அதை ஏற்றிய எலி கூண்டுக்குள் நிலைகொள்ளாமல் ஓடும். மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் கொண்டுபோகும் செய்தியை இன்னொரு மருந்தால் மறித்தால் அந்த ஓட்டம் அடங்குமா என்பது ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடத்தின் ஆராய்ச்சி.

கிட்டத்தட்ட மூன்று வாரமாக எதுவும் அடங்கவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் உப்புத் தண்ணீர் ஏற்றிய எலிகள்கூடத் தலைதெறிக்க ஓடின. மேடம் மருந்தை மாற்றினார், தராசைச் சரிபார்த்தார், விளக்கைக் குறைத்தார். கடைசியில் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தார்.

"அண்ணே, நீங்க சிகரெட்ட விட்ட நாள்லேருந்துதான் இப்படி. அதுங்களுக்கு உங்க பழைய வாசனைதான் பழக்கம். இப்ப யாரோ புது ஆளுன்னு மிரளுது."

"அதுக்காக மறுபடி ஊதச் சொல்றீங்களா மேடம்?"

"ஐயோ, வேண்டாம்! உங்க பழைய கோட்டு துவைக்காம இருக்கா?"

இருந்தது. அதைப் போட்டுக்கொண்ட இரண்டாம் நாளே எலிகள் சாதுவாகிவிட்டன. அவருக்குத்தான் நரகம். நாள் முழுக்க மூக்குக்குக் கீழே அந்த வாசனை. கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. அவர் மூளையில் எதையும் மறிக்க யாரும் ஊசி போடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஒரு சிகரெட்டைக்கூடத் தொடவில்லை.

நாலு நாள் வாசனை போக ஆய்வுக்கூடத்திலேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார். ஐந்தாம் நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை.

"ஊதினீங்களா?" வாசலிலேயே மனைவி கேட்டாள்.

"இல்லடி, பழைய கோட்டு. எலிங்களுக்காகப் போட்டுக்கறேன்."

"போன தடவை பஸ்ல பக்கத்துல நின்னவன். அதுக்கு முன்னாடி ஆபீஸ் மாடிப்படி. இப்ப எலியா?"

அந்தப் பொய்களையெல்லாம் சொன்னவர் அவரேதான், யாரை நொந்துகொள்வது?

"நம்பலன்னா வந்து எலிகிட்டயே கேளு!" என்று கத்தினார். கத்திய பிறகு அது எவ்வளவு கிறுக்குத்தனமாகக் கேட்கிறது என்று அவருக்கே உறைத்தது.

மனைவி தன் தலையணையைக் கொண்டுபோய் மகளின் அறையில் போட்டுவிட்டு வந்து, துணி மடிக்க உட்கார்ந்தாள்.